அமைதியின் விலை

லால் பகதூர் சாஸ்திரி இந்தியாவின் பிரதமராக இருந்த காலம் பத்தொன்பது மாதங்களே. அந்தக் குறுகிய காலத்திற்குள் அண்டை நாடுகளோடு மூன்று உடன்பாடுகள் செய்தார். இடையே ஒரு பெரும்போரையும் முன்னின்று நடத்தினார். போர்க்காலத்தில் உறுதி காட்டிய தலைவர் என்று அவரைப் போற்றுவோர் உண்டு. அமைதிக்காக உழைத்து அந்த உழைப்பின் நடுவிலேயே உயிர் நீத்தவர் என்று போற்றுவோரும் உண்டு. இவ்விரு பண்புகளும் ஒரே மனிதரிடம் எவ்வாறு பொருந்தின என்பதை அவருடைய வாழ்க்கை விளக்குகிறது.

இளமை

சாஸ்திரி 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அண்மையிலுள்ள மொகல்சராய் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். தாயார் ராம்துலாரி தேவி. குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது ஆனபோது தந்தையார் காலமானார். தாயார் தம் பிறந்த வீட்டை அடைந்தார். லால் பகதூர் பாட்டனார் இல்லத்திலும் தாய்வழி உறவினர் ஆதரவிலும் வளர்ந்தார். உயர்நிலைக் கல்விக்காகக் காசியில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். கோடை வெயிலில் தெருக்கள் கொதிக்கும் நாள்களிலும் செருப்பின்றிப் பள்ளிக்கு நடந்தார்.

பிறப்பினால் வந்த சாதிப் பெயரை இளமையிலேயே விலக்கினார். 1921ஆம் ஆண்டு, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு, பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர், தேசியக் கல்விக்கெனக் காசியில் தோன்றிய காசி வித்யாபீடத்தில் பயின்று 1925ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்பட்டத்தின் பெயரே சாஸ்திரி. அது நாளடைவில் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1928ஆம் ஆண்டு லலிதா தேவியை மணந்தார். மணமகள் வீட்டிலிருந்து ஓர் இராட்டையையும் சில கெஜம் கதர்த் துணியையும் மட்டுமே ஏற்றுக்கொண்டார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்று, இளமையின் பல ஆண்டுகளைச் சிறைச்சுவர்களுக்குள் கழித்தார்.

அரியலூர்

நாடு விடுதலை பெற்றதும் உத்தரப் பிரதேச அரசில் காவல் துறையின் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது. கூட்டத்தைக் கலைப்பதற்குக் காவலர் தடியடி நடத்துவது அந்நாளைய வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தடிகளைக் கண்டவர் சாஸ்திரி. தடிக்கு மாற்றாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கூட்டத்தைக் கலைக்குமாறு பணித்தார். ஒழுங்கைக் காக்க வேண்டும். அதற்காக மண்டைகள் உடைய வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

1952ஆம் ஆண்டு நடுவண் அரசில் இரயில்வே அமைச்சரானார். 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்றைய தெலங்கானாவிலுள்ள மகபூப்நகர் அருகே ஒரு பெரும் இரயில் விபத்து நேர்ந்தது. சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாட்டில் கனமழை பெய்தது. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருக, பாலம் சிதைந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அமைச்சர் பாலத்தைக் கட்டியவர் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் துறையின் தலைமையில் இருப்பவரே அத்துயருக்கு முதற்பொறுப்பு என்று சாஸ்திரி கருதினார். மீண்டும் பதவி விலகல் கடிதத்தை அளித்தார். இம்முறை நேரு அதனை ஏற்றார். சாஸ்திரியிடம் குற்றம் இல்லை. ஆனால் பொது வாழ்வில் ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

தம்மிடம் உள்ளதை, தேவை நேர்ந்தபோது விட்டுக்கொடுக்கும் பழக்கம் சாஸ்திரியிடம் இவ்வாறு வேரூன்றியது. 1963ஆம் ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று காமராசர் திட்டம் வகுத்தபோது, உள்துறை அமைச்சராக இருந்த சாஸ்திரி அப்பதவியையும் துறந்தார்.

பிரதமர் பொறுப்பு

1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் காமராசர். அவர் தலைவர்கள் பலரையும் கலந்து பேசி, ஒருமித்த கருத்தை உருவாக்கினார். ஜூன் 9ஆம் நாள் சாஸ்திரி பிரதமராகப் பொறுப்பேற்றார். அவர் சிறிய உருவமும் மெல்லிய குரலும் உடையவர். நேருவின் இடத்தில் அவரைக் கண்ட பலர், நாட்டிலும் வெளிநாட்டிலும், அவரை எளிதாக மதிப்பிட்டனர்.

அண்டை நாடுகளோடு இருந்த பிணக்குகள் பல. 1962ஆம் ஆண்டு சீனத்தோடு நிகழ்ந்த போரின் காயம் ஆறவில்லை. பாகிஸ்தானோடு காஷ்மீர் குறித்த வழக்கு 1947 முதல் தொடர்ந்தது. இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் பலர் எந்த நாட்டின் குடியுரிமையும் இன்றி வாழ்ந்தனர். 1964 அக்டோபரில் எகிப்தின் கெய்ரோ நகரில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் சாஸ்திரி கராச்சியில் இறங்கி, பாகிஸ்தானின் அதிபர் அயூப்கானைச் சந்தித்தார். அச்சந்திப்பில் எந்த வழக்கும் தீரவில்லை. பேசுவதற்கான கதவு மட்டும் திறந்தே இருந்தது.

கேட்கப்படாதவர்கள்

அதே அக்டோபர் மாதத்தின் இறுதியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா தில்லிக்கு வந்தார். பேச்சின் பொருள் மலையகத் தமிழரின் எதிர்காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழை உழவர்களை அழைத்துச் சென்றனர். அவர்களுடைய உழைப்பால் மலைகள் பசுமையான தோட்டங்களாயின. ஆனால் இலங்கை விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. அவர்களை இலங்கை தன் மக்கள் என்று ஏற்கவில்லை. அத்தீவிலேயே வாழ்ந்து உழைத்தவர்களை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெறுவது முறையன்று என இந்தியாவும் கருதியது. பத்தாண்டுகளுக்கு முன்னர் நேரு செய்த உடன்பாடும் பயன் தரவில்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் ஏறத்தாழ 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேருக்கு இந்தியா குடியுரிமை அளித்து ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேர் குறித்துப் பின்னர் பேசி முடிவு செய்யப்படும். பதினைந்து ஆண்டுகளில் இது நிறைவேற வேண்டும். எஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது என 1974ஆம் ஆண்டு முடிவாயிற்று.

நெடுநாளைய பிணக்கு ஒன்றுக்கு இரு அரசுகளும் முடிவு கண்டன; அவற்றிடையே நல்லுறவும் வளர்ந்தது. ஆனால் யாருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ, அம்மக்கள் கலந்து பேசப்படவில்லை. அவர்களுள் மிகப் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள்; இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். எண்களாகப் பிரிக்கப்பட்டபோது குடும்பங்களும் உறவுகளும் பிரிந்தன. தமிழ்நாட்டிற்கு வந்தோர் தாயகம் திரும்பியோர் எனப்பட்டனர். அவர்களுக்காக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்து வேலை தந்தது. ஆயினும் பலருக்குத் தாயகம் புதிய ஊராகவே இருந்தது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

அமைதிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துபவரைக் கேளாமல் செய்யும் உடன்பாடு, பிணக்கைத் தீர்த்தாலும் துயரைத் தீர்ப்பதில்லை. சாஸ்திரியின் வாழ்வை எழுதும்போது இதனையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

கட்ச் உடன்பாடு

குஜராத்தின் வடமேற்கில் கட்ச் என்னும் உவர்நிலம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நீர் சூழும்; கோடையில் உப்புப் பூத்து வெளிறும். மக்கள் மிகுதியாக வாழாத அந்நிலத்தில் எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 1965ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே இரு படைகளும் மோதின.

நாடாளுமன்றத்தில் பெருங்கோபம் எழுந்தது. சாஸ்திரி நாட்டின் உரிமையை வலியுறுத்தினார். அதே வேளையில் பிரிட்டன் பிரதமர் ஹரால்டு வில்சன் மேற்கொண்ட சமரச முயற்சிக்கும் இடம் கொடுத்தார். ஜூன் 30ஆம் நாள் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. எல்லை வழக்கை ஒரு நடுவர் மன்றத்திடம் ஒப்படைப்பது என்றும், அதன் தீர்ப்புக்கு இரு நாடுகளும் கட்டுப்படுவது என்றும் முடிவாயிற்று.

மூவர் அடங்கிய அம்மன்றத்தில் இந்தியா ஒருவரையும் பாகிஸ்தான் ஒருவரையும் முன்மொழிந்தன. சுவீடன் நாட்டு நீதிபதி ஒருவர் தலைமை ஏற்றார். இடையே பெரும்போர் ஒன்று மூண்டும், இரு நாடுகளும் அவ்வழக்கைக் கைவிடவில்லை. 1968ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பாகிஸ்தான் கோரிய நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அந்நாட்டுக்கும், ஏனையது இந்தியாவுக்கும் உரியவை என்று மன்றம் கூறியது. இரு நாடுகளும் தீர்ப்பை ஏற்றன. துப்பாக்கியால் தொடங்கிய ஒரு வழக்கு, ஆவணங்களாலும் வரைபடங்களாலும் முடிவுற்றது. அம்முடிவைக் காணச் சாஸ்திரி உயிரோடு இல்லை.

போர்

கட்ச் உடன்பாட்டின் மை உலரும் முன்னரே காஷ்மீரில் புதிய தீ மூண்டது. 1965 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், பாகிஸ்தான் பயிற்சி அளித்து அனுப்பிய ஆயுதக் குழுவினர் போர்நிறுத்தக் கோட்டைக் கடந்து ஊடுருவினர். மக்கள் கிளர்ந்தெழுந்து தங்களோடு சேர்வர் என்று அவர்களை அனுப்பியவர்கள் எதிர்பார்த்தனர். அது நடக்கவில்லை. உள்ளூர் மக்களே ஊடுருவலைப் பற்றிய செய்தியை முதலில் இந்தியப் படையினருக்குத் தெரிவித்தனர்.

ஊடுருவலைத் தடுக்க, அவ்வழியையே அடைக்க வேண்டும் என்று படைத்தலைவர்கள் கருதினர். ஊரிக்கும் பூஞ்சுக்கும் இடையே, எட்டாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஹாஜி பீர் என்னும் கணவாய் உள்ளது. மேஜர் ரஞ்சித் சிங் தயாள் தலைமையில் வீரர்கள் மழையிலும் இருளிலும் செங்குத்தான மலைச்சரிவில் ஏறி, ஆகஸ்டு 28ஆம் நாள் அக்கணவாயைக் கைப்பற்றினர்.

செப்டம்பர் 1ஆம் நாள் பாகிஸ்தான் படை சம்பு பகுதியில் டாங்கிகளோடு பாய்ந்தது. அக்னூர் வீழ்ந்தால் காஷ்மீருக்குச் செல்லும் தரைவழி துண்டிக்கப்படும் நிலை ஏற்பட்டது. அப்போது சாஸ்திரி ஒரு கடினமான முடிவை எடுத்தார். பஞ்சாப் எல்லையைக் கடந்து லாகூர் திசையில் முன்னேறப் படைக்கு இசைவளித்தார். செப்டம்பர் 6ஆம் நாள் இந்தியப் படை எல்லையைக் கடந்தது. மென்மையான மனிதர் என்று அவரை எளிதாக மதித்தவர்கள் வியந்தனர்.

கேம்கரண் அருகே அசல் உத்தரில் பெரும் டாங்கிப் போர் நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரைச் சேர்ந்த அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் எதிரியின் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்து வீரமரணம் அடைந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கர விருது வழங்கப்பட்டது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எல்லைச் சிற்றூர்கள் வெறிச்சோடின.

நாட்டில் அப்போது உணவுப் பஞ்சமும் நிலவியது. இந்தியா அமெரிக்கக் கோதுமையைச் சார்ந்திருந்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு சாஸ்திரி மக்களை வேண்டினார். தம் குடும்பத்திலும் அதனைக் கடைப்பிடித்தார். தம் வீட்டு முற்றத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். எல்லையில் நிற்கும் வீரரையும் வயலில் நிற்கும் உழவரையும் ஒருசேர வாழ்த்தும் முழக்கத்தை நாட்டுக்குத் தந்தார். அவருடைய அமைச்சரவையில் வேளாண் துறையைக் கவனித்தவர், கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். விளைச்சலைப் பெருக்கும் புதிய விதைகளைக் கொண்டுவரும் அவர் முயற்சிக்குச் சாஸ்திரி துணை நின்றார்.

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் ஊ தாண்ட் இரு நாடுகளுக்கும் வந்து போர்நிறுத்தம் வேண்டினார். அவையின் பாதுகாப்புக் குழுவும் தீர்மானம் இயற்றியது. செப்டம்பர் 23ஆம் நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் இரு படைகளும் ஒன்று மற்றொன்றின் நிலத்தில் நின்றன. ஹாஜி பீர் இந்தியாவிடம் இருந்தது. சம்பும் கேம்கரணும் பாகிஸ்தானிடம் இருந்தன. கைப்பற்றிய நிலம் இந்தியாவிடமே கூடுதலாக இருந்தது. போர் நின்றதே தவிர, அமைதி பிறக்கவில்லை.

தாஷ்கண்டு

அன்றைய சோவியத் நாட்டின் பிரதமர் அலெக்சி கோசிகின், இரு தலைவர்களையும் தம் நாட்டிற்கு அழைத்தார். சந்திப்புக்கு உரிய இடம், இன்று உஸ்பெகிஸ்தானின் தலைநகராக விளங்கும் தாஷ்கண்டு. 1966ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பேச்சு தொடங்கியது. வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங்கும் பாதுகாப்பு அமைச்சர் ஒய். பி. சவாணும் சாஸ்திரியோடு சென்றிருந்தனர்.

இரு தரப்பும் வேண்டியவை வேறு. காஷ்மீர் வழக்கைத் தீர்க்க வழிவகுக்க வேண்டும் என்றார் அயூப்கான். பிணக்குகளைத் தீர்க்க இனிப் படைவலிமையை நாடுவதில்லை என்று இரு நாடுகளும் உறுதி கூற வேண்டும் என்றார் சாஸ்திரி. பேச்சு பலமுறை முறியும் நிலையை எட்டியது. கோசிகின் ஒருவர் தங்கிய இடத்திலிருந்து மற்றவர் தங்கிய இடத்திற்குச் சென்று, ஒருவர் கருத்தை மற்றவருக்கு விளக்கினார்.

இறுதியில் எஞ்சிய பெரும் கேள்வி, படைகள் எங்கே திரும்பிச் செல்வது என்பதே. போருக்கு முன் இருந்த இடத்திற்கே இருவரும் திரும்ப வேண்டுமெனில், இந்தியா ஹாஜி பீரையும் விட்டுக்கொடுக்க வேண்டும். காஷ்மீர் முழுவதும் இந்தியாவுக்கு உரியது என்பது நாட்டின் நிலைப்பாடு. அவ்வகையில் தன் நிலத்தையே திருப்பிக் கொடுப்பதாக மக்கள் எண்ணுவர் என்பதும், அக்கணவாய்க்காக உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்கள் கேள்வி கேட்கும் என்பதும் சாஸ்திரிக்குத் தெரியும். கொடுக்க மறுத்தால் பாகிஸ்தான் படை சம்பிலும் கேம்கரணிலும் நீடிக்கும். எல்லைச் சிற்றூர் மக்கள் வீடு திரும்ப இயலாது. எந்த நாளும் போர் மீண்டும் மூளலாம் என்பதையும் அவர் அறிவார்.

ஜனவரி 10ஆம் நாள் சாஸ்திரியும் அயூப்கானும் தாஷ்கண்டு அறிக்கையில் கையொப்பமிட்டனர். 1965 ஆகஸ்டு 5ஆம் நாளுக்கு முன் இருந்த இடங்களுக்கு, 1966 பிப்ரவரி 25ஆம் நாளுக்குள் படைகள் திரும்ப வேண்டும். பிணக்குகளைப் படைவலிமையால் அன்றி அமைதி வழியில் தீர்க்க வேண்டும். ஒரு நாடு மற்றொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது. தூதர்கள் தம் பணிக்குத் திரும்ப வேண்டும். போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பகைமையைத் தூண்டும் பரப்புரையைத் தவிர்க்க வேண்டும். இவை அவ்வறிக்கையின் முதன்மைக் கூறுகள். காஷ்மீர் குறித்து இரு நாடுகளும் தத்தம் நிலைப்பாட்டைக் கூறின என்ற அளவிலேயே அறிக்கை நின்றது.

அன்று மாலை விருந்து நடந்தது. தலைவர்கள் கைகுலுக்கிப் பிரிந்தனர். நள்ளிரவுக்குப் பின், ஜனவரி 11ஆம் நாளின் தொடக்கத்தில், தாம் தங்கியிருந்த மாளிகையிலேயே சாஸ்திரி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

அன்றே தாயகத்திற்குப் புறப்படும் விமானத்தை நோக்கி அவர் உடலைத் தாங்கிய பேழை கொண்டு செல்லப்பட்டது. அதனைச் சுமந்தவர்களுள் கோசிகினும் இருந்தார், அயூப்கானும் இருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் எதிரெதிரே நின்ற இரு நாடுகளின் தலைவர்களுள் ஒருவர், மற்றவரின் பேழைக்குத் தோள் கொடுத்தார்.

பின்னர் நிகழ்ந்தவை

குறித்த நாளுக்குள் இரு படைகளும் திரும்பின. சம்பும் கேம்கரணும் இந்தியாவிடம் வந்தன. ஹாஜி பீர் கைவிட்டுப் போயிற்று. கைதிகள் வீடு திரும்பினர். தூதரகங்கள் மீண்டும் இயங்கின.

ஆனால் தாஷ்கண்டு அறிக்கையை அனைவரும் ஏற்கவில்லை. ஹாஜி பீரைத் திருப்பிக் கொடுத்ததை எதிர்த்து, நடுவண் அமைச்சர் மகாவீர் தியாகி பதவி விலகினார். பாகிஸ்தானிலும், காஷ்மீர் குறித்து எதுவும் கிடைக்கவில்லை என்று மாணவர் தெருவில் இறங்கிப் போராடினர். இரு நாடுகளிலும் ஒருசேர மனத்தாங்கல் எழுந்தது. 1971ஆம் ஆண்டு மீண்டும் ஒரு போர் மூண்டது. ஹாஜி பீரைக் கொடுத்தது சரியா, தவறா என்னும் வாதம் இன்றும் தொடர்கிறது.

சாஸ்திரிக்கு 1966ஆம் ஆண்டு, மறைவுக்குப் பின், பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. தில்லியில் யமுனைக் கரையில் அவர் நினைவிடம் உள்ளது; அதன் பெயர் விஜய் காட், அதாவது வெற்றித் துறை. போரில் நாடு காட்டிய உறுதியை அப்பெயர் நினைவூட்டுகிறது. தாஷ்கண்டிலோ அவர் பெயரில் ஒரு தெருவும், அவருடைய மார்பளவுச் சிலையும் உள்ளன. அங்கே அவர் அமைதி தேடி வந்தவராக நினைவுகூரப்படுகிறார்.

பிறர் செய்த பிழைக்காகப் பதவியைத் துறந்தவர், நாட்டின் பசிக்காகத் தம் உணவைக் குறைத்தவர், வென்ற கணவாயையும் அமைதியின் பொருட்டு விட்டுக்கொடுத்தார். அவ்விலை மிகையா, தகுமா என்பதை அவரவர் எண்ணி முடிவு செய்யலாம். அதனைத் தம் பெயரால், தம் கையால் எழுதிக் கொடுத்த பின்னரே அவர் கண் மூடினார்.

அருஞ்சொற்பொருள்

உடன்பாடு – ஒப்பந்தம்
பிணக்கு – கருத்து மாறுபாடு, சச்சரவு
நாடற்றோர் – எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்
உவர்நிலம் – உப்புத் தன்மை உடைய நிலம்
நடுவர் மன்றம் – வழக்கை இரு சார்பும் இன்றித் தீர்க்கும் அவை
கணவாய் – மலைகளுக்கு இடையிலுள்ள வழி
ஊடுருவல் – மறைவாக உள்ளே நுழைதல்
பேழை – பெட்டி
மனத்தாங்கல் – மனக்குறை

சிந்தித்து விடை எழுதுக

1. அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரி பதவி விலகியது ஏன்?
2. 1964ஆம் ஆண்டு இலங்கையோடு செய்த உடன்பாட்டால் விளைந்த நன்மை யாது? குறை யாது?
3. கட்ச் வழக்கு தீர்ந்த முறையையும் காஷ்மீர்ப் போர் முடிந்த முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
4. ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுத்தது சரியா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக. பின்னர், எதிர்க்குழு கூறிய கருத்துகளுள் வலிமையான ஒன்றை உம் சொற்களில் எழுதுக.
5. உம் குடும்பத்தினர் எவ்வூரிலிருந்து இப்போது வாழும் ஊருக்கு வந்தனர்? வருவதா வேண்டாவா என்ற முடிவு யாருடையது? பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.